தாம்பூலத் தட்டில் வைக்காத உண்மை

லால்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த காட்டுமன்னார்கோவில் வட்டாரத்துச் சிற்றூர்களிலும், வீராணம் ஏரியின் நீர்வளத்தால் வெற்றிலைக் கொடிக்கால்கள் தழைக்கின்றன. அக்கொடிக்கால் வெற்றிலை எத்தனையோ இல்லங்களின் நிச்சயத் தாம்பூலத்தில் இடம்பெறுகிறது. தட்டு மாற்றுவதற்கு முன் இரு வீட்டாரும் குடும்பம், கல்வி, ஊதியம், நிலபுலம் அனைத்தையும் விசாரித்து விடுகின்றனர். மணமகளின் உடல்நலத்தைக்கூடச் சுற்றிவளைத்துக் கேட்டறிகின்றனர். மணமகன் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை எதற்காக என்று கேட்பார் இல்லை, அவனும் சொல்வதில்லை. இந்த மௌனம் குற்றமாகுமா என்பதே நாம் இங்கே சிந்திக்க விழையும் கேள்வி.

மூட்டுவாதம் என்றவுடன் கைத்தடி ஊன்றிய முதியவரே நம் மனக்கண்ணில் தோன்றுகிறார். ஆனால் முதுகெலும்பை இறுக்கும் வாதநோய் பெரும்பாலும் 45 வயதிற்கு முன்பே, பலருக்கு இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் இடுப்பும் முதுகும் மரக்கட்டைபோல் விறைத்துக் கிடக்கும். சிறிது நடமாடினால்தான் தளரும். முடக்குவாதமும் இளைஞரை விட்டுவைப்பதில்லை. கடல் கடந்து பொருளீட்டவும், மணம் முடிக்கவும், மக்களைப் பெறவும் வேண்டிய வயதில் வந்து சேரும் நோய்கள் இவை. வலியும் சோர்வும் இல்லற உறவையே தயக்கத்திற்குரியதாக்கி விடுகின்றன. அதை வாய்விட்டுச் சொல்ல நம் ஆண்கள் கற்றுக்கொள்ளவில்லை.

மருந்துகளின் நிலை என்ன? சல்ஃபசலசின் என்னும் மாத்திரை சிலருக்கு விந்தணுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். அதை நிறுத்திய சில மாதங்களில் அக்குறை நீங்கிவிடும். மெத்தோட்ரெக்சேட் உண்ணும் ஆண்கள் குழந்தைப்பேற்றுக்கு மூன்று மாதம் முன்னரே அதை நிறுத்த வேண்டும் என்று முன்பு கூறி வந்தனர். ஆண்கள் அதைத் தொடரலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. தாய்மை அடையவிருக்கும் பெண்ணுக்கோ அதே மருந்து ஆகாது. கடுமையான நோய்நிலைகளில் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு ஒன்றே பெரிதும் அஞ்சத்தக்கது. அது பிள்ளைப்பேற்றுக்கான ஆற்றலை நிரந்தரமாகவே அழித்துவிடக்கூடும்.

ஆகவே அச்சத்திற்குரியவை சிலவே. மருத்துவரிடம் கேட்டால் தெளிவு பெறத்தக்கவை பல. கேட்காததால் விளையும் தீங்கு பெரிது. வெளிநாட்டில் உழைப்பவர் ஓரிரு மாத விடுப்பில் ஊர் திரும்பும்போது, குழந்தை வேண்டி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவதாகக் கொள்வோம். ஒரு விந்தணு உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ 74 நாள்கள் ஆகும். விடுப்பு முடியுமுன் பயன் கிட்டாது. நோய் மட்டும் சீறி எழும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் இந்நோய்களுக்கென்றே தனித்துறை உண்டு. அங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தால் இவ்வேதனை நேர்ந்திராது.

நெதர்லாந்து நாட்டில் மூட்டு அழற்சி நோயுற்ற 628 ஆண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வொன்று சிந்திக்கத்தக்கது. 30 வயதிற்குள் நோய் கண்டறியப்பட்டோருக்குச் சராசரியாக 1.32 பிள்ளைகளும், 40 வயதிற்குப் பின் கண்டறியப்பட்டோருக்கு 1.88 பிள்ளைகளும் இருந்தனர். இளமையில் நோயுற்றோர் பலர், தாம் விரும்பியதைவிடக் குறைந்த பிள்ளைகளோடு அமைந்தனர். நோயும் மருந்தும் மட்டுமன்றி அச்சமும் அறியாமையும் இங்கே பங்கு வகிக்கக் கூடுமல்லவா?

இனி, அறநெறிக்கு வருவோம். பிள்ளைப்பேற்றைத் தடுக்கக்கூடிய மருந்தை ஒரு கத்தோலிக்கர் உட்கொள்வது பாவமா? 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல் தன் 15-ஆம் பத்தியில் இதற்குத் தெளிவான விடை தருகிறது. நோயைக் குணப்படுத்தத் தேவையான சிகிச்சையினால் கருத்தரிப்புக்குத் தடை நேரும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், அத்தடையை நாம் நாடாதவரையில் அச்சிகிச்சையைத் திருச்சபை விலக்கவில்லை. எனவே வாதநோயாளி குற்ற உணர்வின்றி மருந்துண்ணலாம்.

கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. சைக்ளோபாஸ்பமைடு தொடங்குமுன் விந்தணுவைச் சேமித்து வைக்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். சோதனைக் குழாய்க் கருத்தரிப்பைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை 1987-ஆம் ஆண்டின் ‘தோனும் வீத்தே’ அறிவுரை உறுதிப்படுத்தியது. தந்தையாகும் வாய்ப்பையே இழக்கப்போகும் இளைஞனுக்கு இது எளிய சிலுவையன்று. அதன் எடையைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. மருத்துவர் உண்மையை முழுமையாகச் சொல்லவும், நோயாளி மனச்சான்றோடும் ஆன்மீக வழிகாட்டியின் துணையோடும் முடிவெடுக்கவும் வேண்டும். சொல்லப்படாத உண்மையைக் கொண்டு எந்த மனச்சான்றும் முடிவெடுக்க இயலாது.

திருமணத்திற்கு முன் சொல்ல வேண்டுமா? 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மலட்டுத்தன்மை திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்று 1084-ஆம் சட்டத்தில் உரைக்கிறது. பிள்ளை பெற இயலாதவரின் இல்லறமும் உண்மையான இல்லறமே. ஆனால் அதே சட்டம் 1098-ஆம் சட்டத்தை நமக்கு நினைவூட்டுகிறது. இல்லற வாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஓர் இயல்பை, மறுதரப்பின் சம்மதத்தைப் பெறும்பொருட்டு வஞ்சகமாக மறைத்தால் அத்திருமணம் செல்லாது. ஆக, குறை தடையாவதில்லை. அக்குறையை மறைக்கும் வஞ்சகமே தடையாகிறது.

மறைத்ததன் விலையைக் கொடுப்பவள் யார்? மனைவி. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. ஆயினும் ‘மலடி’ என்ற பட்டம் பெண்ணுக்கு மட்டுமே சூட்டப்படுகிறது. கணவனின் விந்தணுவைப் பரிசோதிப்பது எளிது. அதற்கு முன்பே மனைவி பல சோதனைகளுக்கும், வேண்டுதல்களுக்கும், ஏச்சுகளுக்கும் உள்ளாகிறாள். காரணம் தன் மருந்தாக இருக்கலாம் என்று அறிந்தும் வாய்மூடியிருக்கும் கணவன், அவளுக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்பவனை ஒத்தவனே.

அதே வேளையில், உண்மை சொல்பவனைத் தண்டிக்கும் நாமும் குற்றவாளிகளே. ‘மூட்டுவாதக்காரன்’ என்று ஒதுக்கி வரனைத் தட்டிக் கழிக்கும் ஊரில், யார்தான் துணிந்து சொல்வர்? இந்நோய் பிள்ளைக்குத் தவறாமல் வரும் என்ற பேச்சும் பிழை. முதுகெலும்பு வாதத்தோடு தொடர்புடைய மரபணுவைப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர்.

எனவே நம் மறைமாவட்டங்களின் திருமணத் தயாரிப்புப் பயிற்சிகளில் இப்பொருளும் பேசப்படட்டும். மணமகன் தானே முன்வந்து மணமகளிடம் தன் நோயையும் மருந்தையும் எடுத்துரைக்கட்டும். இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்லட்டும். நோயிலும் நலத்திலும் பிரமாணிக்கமாய் இருப்பேன் என்று பீடத்தின் முன் வாக்களிப்பவள், எந்த நோயைக் குறித்து வாக்களிக்கிறாள் என்பதை அறிந்திருக்க வேண்டாமா?