தலை நிமிரும் ஆசை

வயோதிகம் தன் வருகையை முதலில் அறிவிக்கும் இடங்களுள் கழுத்து ஒன்று. நரைக்குச் சாயமும் முகத்துக்குப் பவுடரும் இட்டுச் சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கும், மோவாய்க்குக் கீழே தளர்ந்து தொங்கும் தோலை என்ன செய்வதென்று தெரிவதில்லை. அம்பத்தூரில் எனக்கு அக்காள் முறையாகும் ஓர் அம்மையார், பேத்தியின் கல்யாண ஆல்பத்தில் தம் படத்தின்மேல் விரலை ஊன்றி, “ஏன் தம்பி, ஆபரேஷன் பண்ணிக்கிட்டா இது போயிடுமா?” என்று கேட்டபோது, பக்கத்திலிருந்த அவருடைய மகன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு நியாயமன்று என்பதே என் அபிப்பிராயம்.

கழுத்தில் செய்யும் ஆபரேஷன் அழகுக்கு மட்டுமே ஆனதன்று. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பற்றிச் சென்னைவாசிகள் எல்லோரும் அறிவார்கள். நெருப்பில் வெந்த ஒரு பெண்ணின் கழுத்து ஆறும்போது, தழும்பு சுருங்கிச் சுருங்கி மோவாயை மார்போடு இழுத்துக் கட்டிவிடும். அந்தக் கட்டை அறுத்து விடுவித்து, பெரும்பாலும் தொடையிலிருந்து எடுத்த தோலை அவ்விடத்தில் ஒட்டி, மாதக்கணக்காகக் கழுத்துப் பட்டை அணிவித்து, எதிரே வருபவரை நேராகப் பார்க்கும் பாக்கியத்தை அந்தப் பெண்ணுக்கு மருத்துவர்கள் மீட்டுத் தருவதே இத்தகைய சிகிச்சையின் மகத்துவம். அவளுக்கு அது அத்தியாவசியம், என் அக்காளுக்கு வெறும் விருப்பம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் துணியமாட்டேன். ஆயினும் நாலு பேர் நடுவே தலை நிமிர்ந்து நிற்கவேண்டும் என்ற ஆசை இருவருக்கும் பொதுவல்லவா? அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயிலில், தொண்டைமான் என்னும் மன்னனின் வாள் பட்ட தழும்போடு எழுந்தருளியிருப்பதாகத் தலபுராணம் சொல்லும் மாசிலாமணீசுவரரை, சந்தனக் காப்பிட்டே தரிசித்துவரும் நாம், மனிதர் தம் தளர்ச்சியை மறைக்க விரும்பினால் மாத்திரம் ஏன் பரிகசிக்க வேண்டும்?

பரிகாசத்துக்குப் பதிலாக என் அக்காளுக்குச் சொல்லவேண்டியது உண்மை நிலவரம். மோவாயின் அடியிலும், காதைச் சுற்றிப் பின்பக்க மயிரோரம் வரையிலும் கீறி, பிளாட்டிஸ்மா என்னும் மெல்லிய தசையின் விலகித் தொங்கும் ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, மிகுதியான தோலை வெட்டியெடுக்கும் இந்தச் சிகிச்சைக்குப் பொதுவாக 2 முதல் 3 மணி நேரம் ஆகும். உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். ஆகையால் ரத்த அழுத்தம் அடங்கியிருக்க வேண்டும், அன்றிரவு ஒருவர் துணையிருக்க வேண்டும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவற்றைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டுவிட வேண்டும். தோலுக்குச் செல்லும் ரத்தத்தை அவை குறைப்பதால் புண் எளிதில் ஆறாது. வீக்கமும் கன்றிப்போன நிறமும் பெரும்பாலும் வடிய இரண்டு வாரங்களாகும்; காது மடலின் மரமரப்போ சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்த அனுபவமுள்ளவர்கள், நம்மவரில் இத்தகையோர் குறைவல்லர், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காதின் பின்புறத் தையலிலும் அவ்வாறே நேரக்கூடும்.

கத்தியால் ஆகாதவையும் உண்டு. கழுத்தின் குறுக்கே ஓடும் ரேகைகள் முழுவதும் மறைவதில்லை. உடல் பருமனாலும் சர்க்கரை நோயின் முன்னறிகுறியாகவும் பலருக்குக் கழுத்தைச் சுற்றிப் படரும் கருமை, தோலை இழுத்துத் தைப்பதால் நீங்குவதன்று. அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஆகாரக் கட்டுப்பாடுமே வழி. தைத்த தோலும் சில ஆண்டுகளில் மறுபடி தளரத்தான் செய்யும். இவ்வளவும் தெரிந்த பிறகும், பிறர் வற்புறுத்தலின்றித் தம் மனநிறைவுக்காக ஒருவர் இதை விரும்பினால், அவரைத் தடுக்க எனக்கு மனம் வராது. அழகுக்கான சிகிச்சை என்றால் மருத்துவக் காப்பீடு கைகொடுப்பதில்லை. முழுச் செலவும் கைப்பணம்தான். சேமிப்பிலிருந்து எடுத்துச் செய்துகொள்ளட்டும். வட்டிக்கு வாங்கிச் செய்துகொள்வதற்கு மட்டும் நான் சம்மதியேன்.