எந்தக் காலத்திற்குப் புதுப்பிப்பது?

பழம்பொருளைப் பேணுதல் நற்பண்பு என்பதை மறுப்பார் இலர். ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்களில் இப்பண்பு இன்னும் ஆழமாக வேரூன்றி நிற்கும். நிலத்தையும் வீட்டையும் தூக்கிச் செல்ல இயலாதவர்கள், பாட்டியின் பித்தளைக் குடத்தையோ பாட்டனின் கைத்தடியையோ தூக்கிச் சென்று போற்றுகிறார்கள். ஆயினும் பேணுதல் என்பது என்ன? பழுதுற்ற பொருளைச் செப்பனிடும்போது, அதன் நெடிய வாழ்வில் எந்தக் காலத்து நிலைக்கு அதனை மீட்பது? இவ்வினாவை எங்கள் உள்ளத்தில் எழுப்பியது தத்துவ நூல் அன்று. எங்கள் இல்லத்துத் தாழ்வாரத்தில் நிற்கும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

பங்காரப்பேட்டையில் பிரிந்து வரும் கிளை இரயில்பாதை முடியும் இடம் மாரிகுப்பம். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் குழுமத்தார் கோலார் தங்கவயலில் கால்வைத்த பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சுரங்கத்தில் இறங்கினர். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வெந்து புழுங்கும் பாறைக்கிடையே அவர்கள் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர்.

எங்கள் வண்டி பி.எஸ்.ஏ. எம்20 வகையைச் சேர்ந்தது. 496 சி.சி. கொள்ளளவுடைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். 1937ஆம் ஆண்டு வெளிவந்த அமைப்பு. இரண்டாம் உலகப் போரின்போது இவ்வகை வண்டிகள் ஏறத்தாழ 1,26,000 படைகளுக்கெனச் செய்யப்பட்டன. போர் ஓய்ந்தபின் இராணுவம் கழித்த வண்டிகள் பல இந்நாட்டில் விலைக்கு வந்தன. அவ்வாறு கைமாறிக் கைமாறி எங்கள் குடும்பத்தை வந்தடைந்தது இது.

இத்தகைய வண்டியை வீட்டில் வைத்துப் பேணுவது ஒருவகைத் தவம் எனலாம். சில வாரம் ஓட்டாது நிறுத்திவிட்டால், டாங்கியிலுள்ள எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதியில் தேங்கிவிடும். அதனை வடித்த பின்னரே உதைத்துக் கிளப்புதல் நலம். செம்பு கேஸ்கட்டைச் செந்நிறம் வரும்வரை காய்ச்சி நீரில் தோய்த்தால் அது மீண்டும் மென்மை பெறும். புதிது தேட வேண்டுவதில்லை. ஸ்பானரோ ஜோசப் விட்வொர்த் என்பார் 1841இல் வகுத்த முறையைத் தழுவியது. அதில் பொறித்த எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. போல்ட்டின் விட்டத்தைக் குறிப்பது. இஃதறியாது மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருகுவோர் நட்டின் முனைகளை மழுக்கிவிடுவர். பொருளுக்கு நாம் பணிந்தாலன்றி அது நமக்குப் பணியாது என்னும் பாடத்தை இவ்வண்டி நாள்தோறும் புகட்டுகிறது.

பெங்களூரில் பொறியியல் பணி புரியும் எங்கள் தம்பி மகன், சென்ற ஆண்டு விடுப்பில் வந்து இதனை முற்றும் பிரித்துப் புதுப்பிக்க முனைந்தார். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே ஆக்குதல் அவர் குறிக்கோள். இங்கிலாந்திலிருந்து உறுப்புகளும் தருவித்தார். பிரித்து வைத்தவற்றுள் ஒரு வெண்கலப் புஷ்ஷை எடுத்து, “பெரியப்பா, இது கம்பெனி சாமான் இல்லையே, தூக்கிப் போட்டுடலாமா?” என்றார்.

கம்பெனிச் சாமான் அன்றுதான். முன்னொரு காலத்தில் உறுப்புக் கிடைக்காதபோது, சுரங்கப் பட்டறையில் கடைசல் வேலை செய்த அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் கடைந்து கொடுத்தது அது. பின்புற மட்கார்டில் உள்ள ஒட்டு இன்னொருவர் பற்றவைத்தது. கார்புரேட்டர் திருவொற்றியூரில் செய்த புல்லட் வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டியது. இவை இல்லையேல் இவ்வண்டி என்றோ பழைய இரும்பாகிக் காயலான் கடைக்குப் போயிருக்கும். வண்டியைக் காப்பாற்றிய உறுப்புகளையே, அவை வண்டிக்கு உரியவை அல்ல என்று வீசியெறிவது முறையாகுமா?

உறுப்பெல்லாம் மாறிய பின்னும் ஒரு பொருள் அதே பொருள்தானா என்னும் வழக்கு மிகப் பழையது. தீசியஸின் கப்பலில் இற்றுப்போன பலகைகளை ஏதென்ஸ் மக்கள் ஒவ்வொன்றாக மாற்றி வந்தனர் என்றும், அது பழைய கப்பலா புதிய கப்பலா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார். ஜப்பான் நாட்டு இசே திருக்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகவே கட்டுகின்றனர். 2013இலும் அவ்வாறு கட்டினர். ஆயின், கப்பலைப் பற்றி வாதிட்டோர் பலகை மாற்றிய தச்சனைப் பற்றிப் பேசினாரில்லை. எங்கள் கவலையோ அத்தச்சனைப் பற்றியது.

அரசின் சட்டமும் இப்பொருளில் ஒரு விடை கூறுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாது பேணப்பட்ட வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய இடந்தருகிறது. பதிவுக்கு ஓர் அளவுகோல் தேவையே. அதனைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் சட்டத்தின் அளவுகோலே நன்றியின் அளவுகோலும் ஆகிவிடாது. மூல வடிவம் என்னும் சொல், செய்தவனை நினைக்கிறது, காத்தவனை மறந்துவிடுகிறது.

வெள்ளையர் வண்டியைப் போற்றுவது அவர்தம் ஆட்சியைப் போற்றுவதாகாதா என்று வினவுவாரும் உளர். வினா புறந்தள்ளத் தக்கதன்று. 1861இல் துப்பாக்கி செய்வோர் கூடித் தொடங்கிய பர்மிங்காம் நிறுவனமே பி.எஸ்.ஏ.; அடுக்கி நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அதன் சின்னம். அவ்வண்டியைத் தொழிற்சாலை நாளுக்கே மீட்டால், அதில் எஞ்சுவது அந்தச் சின்னம் ஒன்றே. ஆனால் பழைய நிறுவனம் 1973இல் நிலைகுலைந்த பின்னரும், அதன் வண்டிகளை நம் தெருக்களில் ஓடவைத்தவை நம்மவர் கைகள். அக்கைகளின் சுவட்டைக் காத்தால், வண்டியின் பிற்பகுதி வரலாறு நம்முடையதாகிறது.

இதற்கு நம் முன்னோரே வழிகாட்டியுள்ளனர். பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழங்கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். அவை பழைய கல்லின் படி என்பதையும் அங்கேயே குறிக்கச் செய்தார். தமக்கு முன் கொடுத்தவர் எவரோ, அவர் கொடை மறையலாகாது என்று அவ்வரசியார் கருதினார் போலும். மாற்றுதல் பிழையன்று, மாற்றும்போது முன்னவரை மறைத்தலே பிழை.

இதனை உணர்ந்தபின் எங்கள் வேலை எளிதாயிற்று. பிரேக்கிலும் முன் ஃபோர்க்கிலும் உயிர் அடங்கியிருத்தலின், அங்கே தேய்ந்தவற்றை இரக்கமின்றி மாற்றினோம். நன்றியின் பெயரால் ஓட்டுபவரை இடருக்கு உள்ளாக்குவது அறமன்று. புல்லட்டின் கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய முறைப்படி அமல் கார்புரேட்டரைப் பொருத்தினோம். கழற்றியதைப் பெட்டியில் சீட்டுக் கட்டி வைத்தோம். மட்கார்டின் ஒட்டைத் தேய்த்து மறைக்காமல் அதன்மேலேயே வண்ணம் பூசினோம். எந்த உறுப்பை எவர் எப்போது செய்தார் என்று, நினைவில் உள்ளவரை ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். பெயர் தெரியாத இடத்தில் அவர் வேலை பார்த்த பட்டறையையேனும் எழுதினோம்.

தங்கவயலைப் புதுப்பிப்பது பற்றியும் பலர் பேசுகின்றனர். துரைமார் பங்களாக்களையும் கிளப்பையும் வெள்ளையடித்து நிறுத்துவது எளிது. ஆனால் மூங்கில் தட்டியால் வேய்ந்த லைன் வீடுகளில் வாழ்ந்தவர்களின் நினைவு அங்கே இடம்பெறாவிடின், அதுவும் தொழிற்சாலை நாளுக்கு மீட்ட வண்டியே ஆகும். கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் வாழும் நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நம் பேச்சும் உணவும் சடங்கும் போன இடத்துக்கேற்பச் சில உறுப்புகளை மாற்றிக்கொண்டன. அவற்றை ஒட்டு வேலை என்று நாணி, என்றோ விட்டுவந்த ஊரின் மூல வடிவத்தையே தேடி அலைய வேண்டுவதில்லை. வாழ்வு முறிந்துவிடாதபடி இடையில் தாங்கிய தாய்மாரும் தந்தைமாரும் செய்த உறுப்புகள் அவை.

எங்கள் தம்பி மகன் அந்த வெண்கலப் புஷ்ஷை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார்; அளந்தும் பார்த்தார். தேய்மானம் மிகச் சிறிதே. ஒன்றும் பேசாமல் அதனை இருந்த இடத்திலேயே மீண்டும் பொருத்தினார். வண்டி நான்காம் உதையில் கிளம்பிற்று.