நற்செய்தியை நம்பாதவர்

2023 நவம்பர் 28 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க்குக்குப் பறந்த விர்ஜின் அட்லாண்டிக் விமானத்தில் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் ஒரு துளியும் இல்லை. பெரும்பகுதி கழிவுக் கொழுப்பிலிருந்து செய்தது. மறு ஆண்டு ஆகஸ்ட்டில் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, அந்தப் பயணத்துக்கான வானொலி விளம்பரம் கேட்பவரைத் தவறாக எண்ணவைக்கும் என்று தீர்ப்பளித்தது. நூறு சதவீதம் நீடித்த எரிபொருள் என்று காதில் விழுந்தால், சூழலுக்குக் கேடே இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? விமானம் பறந்தது உண்மை. அதைச் சொன்ன விதம் உண்மையிலிருந்து விலகியிருந்தது.

இத்தகைய செய்திகளுக்கு உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். பசுமை விமானம் என்றாலும் சரி, புற்றுநோய்க்குப் புது மருந்து என்றாலும் சரி, "இதைத்தான் எத்தனையோ வருஷமாகச் சொல்கிறார்கள்" என்பதே பதில். விவரம் அறியாதவர்களின் பிடிவாதம் என்று இதை ஒதுக்குவது அநியாயம். பட்ட அனுபவத்தில் விளைந்தது இந்த அவநம்பிக்கை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் காட்டாமணக்கு நட்டால் வறண்ட நிலத்திலும் டீசல் விளையும் என்று சொல்லப்பட்டதைத் தமிழ்நாட்டு உழவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நட்டார்கள். சொன்ன விளைச்சல் வரவில்லை. பலர் பிடுங்கி எறிந்தார்கள். அதே காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலந்து 2018 ஆகஸ்ட்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் பறந்தபோது, அதுவும் நற்செய்தியாகவே வந்தது.

2024-இல் உலகம் முழுவதும் தயாரான மாற்று விமான எரிபொருள் சுமார் 10 லட்சம் டன். மொத்தப் பயன்பாட்டில் இது 0.3 சதவீதம். 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-இல் அறிவித்த ஏர்பஸ், 2025-இல் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டது. இவை எதுவும் ரகசியமில்லை. ஆனால் வாக்குறுதிக்குக் கிடைக்கும் கொட்டை எழுத்து, அது பொய்த்ததற்குக் கிடைப்பதில்லை.

விமானச் செய்தியையும் புற்றுநோய்ச் செய்தியையும் ஒரே தராசில் வைத்துவிடக் கூடாது. பறத்தல் பசுமையாகிவிட்டது என்று நம்புகிற பயணி எதையும் இழப்பதில்லை. மனம் உறுத்தாமல் அடுத்த டிக்கெட்டை வாங்குகிறார். அந்த நம்பிக்கை பொய்த்தால் விலை கொடுப்பவர், கடல் மட்டம் உயர்வதால் தவிக்கும், வாழ்நாளில் விமானமே ஏறாத கடலோரத்து மனிதர். பிறர் தலையில் விடியும் நம்பிக்கையைச் சந்தேகிப்பது கடமை. புற்றுநோயில் கதை வேறு. அங்கே பொய்யான நம்பிக்கையும் சரி, பொய்யான அவநம்பிக்கையும் சரி, நோயாளியின் உடம்பிலேயே இறங்குகின்றன.

1998 மே 3 அன்று நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் மருத்துவ ஆய்வாளர் ஜூடா ஃபோக்மனின் ஆய்வு பற்றிய செய்தி வெளியானது. கட்டிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களைத் தடுத்து, எலிகளின் புற்றுக்கட்டிகளை அவர் சுருங்கச் செய்திருந்தார். இரண்டே ஆண்டில் ஃபோக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாக அச்செய்தி எழுதியது. அப்படிச் சொல்லவில்லை என்று வாட்சன் பின்னர் மறுத்தார். அந்த ஆய்வின் மருந்துக்கு உரிமை பெற்றிருந்த நிறுவனத்தின் பங்கு விலை பலமடங்கு ஏறியது. மருத்துவர்களின் தொலைபேசிகள் ஓயவில்லை. ஃபோக்மனோ, இதெல்லாம் எலிகளில் நடந்தது என்றே திரும்பத் திரும்ப எச்சரித்தார். இரண்டு ஆண்டு கழிந்தது, குணம் வரவில்லை. அன்று தொலைபேசியைக் கையில் பிடித்துக் காத்திருந்த நோயாளிகளுக்கு யார் பதில் சொன்னார்கள்? ஆனால் அதே கருத்தின் வழியில் வந்த பெவாசிஸுமாப் 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பல புற்றுநோய்களில் சில மாத ஆயுளைக் கூட்டும் மருந்து அது. கருத்து மெய், கெடு பொய்.

செய்தி முழுக்க மெய்யாக இருந்தும் கைக்கு எட்டாமல் போவதும் உண்டு. ஒருவகை ரத்தப் புற்றுநோயின் போக்கையே மாற்றிய இமாடினிப், இந்தியாவில் நோவார்டிஸ் விலையில் மாதம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது; உள்நாட்டு நிறுவனங்கள் அதையே பத்தாயிரத்துக்கும் குறைவாகத் தந்தன. 2013-இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமையை மறுத்த பிறகே அந்த மலிவு மருந்து நிலைத்தது. விலையைச் சொல்லாத மருத்துவச் செய்தி, ஏழை வீட்டில் கொடுமைதான்.

இத்தனைக்குப் பிறகும் எல்லாவற்றையும் நம்ப மறுப்பவரின் பக்கம் சாய முடியவில்லை. புற்றுநோய்க்கு எதற்கு மருத்துவமனை, வந்தால் சாவுதானே என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தவர்களிடமே நிலவிய காலத்தில்தான் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணமாக்கலாம் என்பதை அங்கே பணியாற்றிய டாக்டர் சாந்தா ஆயுள் முழுதும் சொல்லிவந்தார். 1960-களின் தொடக்கத்தில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் ரத்தப் புற்றுநோய் வகையில் பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. வளர்ந்த நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். எந்த ஒரு நாளின் தலைப்புச் செய்தியிலும் இது நடந்துவிடவில்லை. இருந்த மருந்துகளின் அளவையும் சேர்க்கையையும் சோதித்துச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல வந்தது. ஆரவாரம் மக்களின் காதை மரத்துப்போகச் செய்ததில், இந்த மெல்லிய உண்மையும் கேட்காமல் போனது. மிகைப்படுத்துவோரின் பெரும் குற்றம் இதுவே.

எனவே செய்தி எழுதுவோர் எத்தனை பேரிடம் சோதித்தார்கள், என்ன விலை, யாருக்கு லாபம் என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே எழுதட்டும். கெடு தவறினால் அதே இடத்தில், அதே எழுத்தளவில் சொல்லட்டும். அதுவரை சந்தேகப்படுகிறவர்மேல் பழியில்லை. ஆனால் மார்பில் கட்டியோ வாயில் ஆறாத புண்ணோ தென்பட்டவர், எந்தச் செய்தியை நம்பினாலும் நம்பாவிட்டாலும், இந்த வாரமே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.