வட்டுக்கு இடும் ஆணையும் மீமாம்சையின் விதியும்

ஒரு வாக்கியம் தன்னைக் கேட்பவரை ஒரு செயலில் ஏவும்போது, அந்த ஏவுதல் சொன்னவரின் உள்ளக்கருத்தில் இருக்கிறதா, சொல்லிலேயே இருக்கிறதா என்ற கேள்வியை இந்திய மெய்யியலில் மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் மீமாம்சகர்கள். வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை வகுத்த இந்தத் தரிசனம், 'செய்க' என்று ஏவும் வாக்கியத்தை விதி என்றும், கேட்பவரைச் செயலை நோக்கி நகர்த்தும் அதன் ஆற்றலைச் சாப்தீ பாவனை என்றும் குறித்தது. மீமாம்சை ஆசிரியர் குமாரில பட்டரின் வழிவந்தோர் இக்கேள்விக்கு இரு பகுதிகளாக விடை தந்தனர். உலக வழக்கில் ஆசிரியர் மாணவரிடம் 'பசுவைக் கொண்டுவா' என்னும்போது ஏவுதல் அந்த ஆசிரியரின் கருத்தில் இருக்கிறது; வேதமோ எவராலும் இயற்றப்படாதது, அதாவது அபௌருஷேயம், என்பது அவர்கள் கொள்கையாதலால், கருத்துக்கு உரியவர் ஒருவர் அங்கே இல்லை, ஆகவே ஏவுதல் சொல்லிலேயே தங்குகிறது. மனிதர் ஒருவர் தெளிவான கருத்தோடு இட்ட ஆணை, கேட்கும் இடத்தில் ஆசிரியரற்ற வாக்கியமாகவே போய்ச் சேரும் மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கத் தேவையில்லை. கணினியின் வன்வட்டுக்கு இடப்படும் ஆணை அத்தகையது.

லினக்ஸ் இயங்குதளத்தில் வன்வட்டின் அமைப்புகளைக் கட்டளைவரியிலிருந்து, அதாவது படங்களும் பொத்தான்களும் இன்றி எழுத்துகளைத் தட்டெழுதி ஏவும் முறையில், மாற்றுவதற்கு 1990களிலிருந்து பயன்பட்டுவருவது கனடாவைச் சேர்ந்த மார்க் லார்ட் எழுதிய ஹெச்டிபார்ம் என்ற நிரல். வட்டு எத்தனை நேரம் சும்மா இருந்தால் சுழற்சியை நிறுத்தவேண்டும், மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடவேண்டும், எழுதவேண்டிய தரவை முதலில் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பனபோன்றவற்றை அது மாற்றவல்லது. இவற்றுள் பல, மின்சாரம் நின்று மீண்டும் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதால், கணினி எழும்போதெல்லாம் அதே ஆணையை மீண்டும் பிறப்பிக்க ஒரு கோப்பில் எழுதிவைப்பது வழக்கம். ஒருமுறை ஏற்றதை வட்டு தன்னுடையதாக்கிக்கொள்வதில்லை.

சுழற்சியை நிறுத்தும் காலத்தைக் குறிக்கும் தெரிவு, கருத்துக்கும் சொல்லுக்கும் இடையிலான விலகலைத் தெளிவாகக் காட்டுகிறது. அதற்கு அளிக்கும் எண் 1 முதல் 240 வரை இருந்தால் ஒவ்வோர் அலகும் 5 விநாடி. 241 முதல் 251 வரை இருந்தால் 240-க்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் 30 நிமிடம். 0 என்றால் நிறுத்தவே வேண்டாம் என்று பொருள். எனவே 240 என்பது 20 நிமிடம், அதற்கு அடுத்த எண்ணாகிய 241 அரை மணி நேரம், 251 ஐந்தரை மணி நேரம். அரை நிமிடத்தை மனத்தில் கொண்டு 30 என்று எழுதியவருக்கு இரண்டரை நிமிடம் கிடைக்கும். 'பசுவைக் கொண்டுவா' என்று கேட்ட மாணவர், எந்தப் பசு என்று தெரியாவிட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார், அல்லது திரும்பக் கேட்பார். வட்டுக்குப் பார்ப்பதற்கு ஒரு முகம் இல்லை. அதனிடம் வந்துசேர்வது எண் மட்டுமே, எண்ணியவர் அல்லர். இவ்வாறு பார்த்தால், விதியின் ஏவும் ஆற்றல் 'இது விரும்பிய பயனுக்கு வழி' என்ற அறிவே என்று விதிவிவேகம் என்ற நூலில் வாதிட்ட மீமாம்சகர் மண்டன மிசிரரின் விடை இங்கே பொருந்தாது, ஏனெனில் வட்டுக்கு விரும்பிய பயன் என்று எதுவும் இல்லை. பயனைக் கருதாமல், ஏவப்பட்டது என்பதாலேயே செயல் கடமையாகிறது என்ற இன்னொரு மீமாம்சகர் பிரபாகரரின் விடை சற்று நெருங்கி வருகிறது, ஆயினும் கடமையை உணர்பவர் ஒருவரை அதுவும் வேண்டி நிற்கிறது.

ஹெச்டிபார்மின் ஆசிரியர் இந்த இடைவெளியை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று, தீங்கு விளைக்கக்கூடிய ஆணைகளுக்கு அவர் வைத்த காவல். வட்டின் ஒரு பகுதியை நேரடியாக அழித்து எழுதுதல், வேண்டுமென்றே பழுதான பகுதி ஒன்றை உண்டாக்குதல் ஆகியவற்றுக்கு, 'ஆம், செய்வது இன்னதென்று அறிவேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் முழுவதையும், சொற்களைச் சிறுகோடுகளால் இணைத்து, ஆணையோடு சேர்த்துத் தட்டெழுதவேண்டும். வட்டின் உள்மென்பொருளை மாற்றுவதற்கு அதுவும் போதாமல், 'தயவுசெய்து என் வட்டை அழித்துவிடு' என்று பொருள்படும் இன்னொரு தொடரும் வேண்டும். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு; ஆனால் இது வெறும் நகைச்சுவை அன்று. சொல்லிலிருந்து விலகிப்போன ஆசிரியரை மறுபடி வாக்கியத்துக்குள் இழுத்துவர எடுக்கப்பட்ட முயற்சி என்றே இதைக் கொள்ளவேண்டும்.

மீமாம்சையிலும் இதை ஒத்த ஒரு வாயில் உண்டு; அதன் பெயர் அதிகாரம், அதாவது ஒரு சடங்கைச் செய்து அதன் பயனைப் பெறும் தகுதி. விருப்பம், ஆற்றல், கல்வி ஆகியவை உள்ளவரே அதற்கு உரியவர் என்று வகுத்த மீமாம்சையின் மூலநூலாகிய சைமினியின் சூத்திரங்கள், ஆறாம் அத்தியாயத்தில், எல்லோருக்கும் அத்தகுதி உண்டு என்ற பாதரி என்னும் ஆசிரியரின் கருத்தை எடுத்துச்சொல்லிப் பின் அதை மறுத்து, சூத்திரர்களை வெளியே நிறுத்தின. கற்றிருக்கவேண்டும் என்ற நிபந்தனையும், கற்கவிடாத ஏற்பாடும் ஒரே கையால் எழுதப்பட்டன என்பதை மறைத்துவிட்டு அக்கோட்பாட்டின் நுட்பத்தை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. லினக்ஸில் ரூட் எனப்படும் முழு உரிமைக் கணக்கு பிறப்பையும் கேட்பதில்லை, கல்வியையும் சோதிப்பதில்லை. மேற்கண்ட தொடரும் அறிவைச் சோதிப்பதில்லை, அறிவு உண்டென்ற அறிக்கையை மட்டுமே பெற்றுக்கொள்கிறது.

அறிக்கை அறிவாகிவிடாது, என்றாலும் அது ஒன்றைச் செய்கிறது, அறியாமை என்ற சாக்கை முன்கூட்டியே பறித்துவிடுகிறது. மனுஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயம் அறியாமல் செய்த பாவத்துக்கும் வேண்டுமென்றே செய்த பாவத்துக்கும் வெவ்வேறு கழுவாய் கூறுகிறது. தமிழ்நாட்டுப் பக்தர்களின் வேண்டுதல்களில் அறிந்து செய்த பிழையும் அறியாமல் செய்த பிழையும் சேர்த்தே மன்னிப்புக்கு வைக்கப்படுகின்றன. அறிந்து செய்ததற்கும் அறியாமல் செய்ததற்கும் நடுவே நிற்பது, எங்கோ கண்ட கட்டளையைக் கையேட்டைத் திறந்து பாராமல் அப்படியே எடுத்து ஒட்டி, அதோடு 'அறிவேன்' என்ற தொடரையும் சேர்த்து ஒட்டியவரின் நிலை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அறிந்துகொண்டால் செயலைக் கைவிட நேருமே என்று வேண்டுமென்றே அறியாமல் இருப்பதைத் தனி வகையாக்கி, அது குற்றத்தைக் குறைப்பதில்லை என்றார். கட்டளையை எடுத்து ஒட்டிய அவசரக்காரர் அத்தனை கணக்குப் போடுபவர் அல்லர், சோம்பல்தான் அவரிடம் மிகுதி. எனினும், படித்தறிய வழி திறந்திருந்தபோது 'அறிவேன்' என்று எழுதியவரை வெறும் அறியாதவர் பட்டியலில் சேர்ப்பது கடினம்.

இதுவரை பேசியது மனிதர் வட்டுக்குச் சொல்லும் சொல்; வட்டு திருப்பிச் சொல்லும் சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. எழுதும் தரவு முதலில் சென்று தங்கும் தற்காலிக நினைவகம், அதாவது கேஷ், இயக்கத்தில் இருக்கும்போது, தரவு காந்தத் தகட்டை அடைவதற்கு முன்பே வட்டு 'முடிந்தது' என்று அறிவிக்கிறது. வாயிற்காவலர் கையெழுத்திட்டு வாங்கிய கடிதத்தை உரியவர் படித்துவிட்டார் என்று கொள்வதைப் போன்றது அதை முழுதாக நம்புவது. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றால், முடிந்ததாகச் சொல்லப்பட்டது எங்கும் இராது. கேஷில் உள்ளதைத் தகட்டில் எழுதி முடிக்குமாறு கேட்கும் தனி ஆணை உண்டு என்றாலும், தரவுத்தள நிரலாகிய போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் கையேடு, ஹெச்டிபார்மைக் கொண்டு இந்தக் கேஷை அணைத்துவிடும் வழியையும் கூறுகிறது. அணைத்தால் எழுதும் வேகம் குறையும்.

பிறர் சொல்லால் பெறும் அறிவை ஏற்கும் நியாய தரிசனம், அதைச் சொல்பவர் ஆப்தராக, அதாவது பொருளை நேரில் அறிந்து அதை உள்ளவாறே சொல்ல விரும்புபவராக, இருக்கவேண்டும் என்கிறது. வட்டு தன் நிலையை அறிந்திருக்கிறது என்று பேச்சுக்குக் கொண்டாலும், அதற்கு விருப்பம் என்பது இல்லை. 'முடிந்தது' என்பதன் பொருளை வகுத்தது அதன் அமைப்பு. ஆகவே, அறிவு தோன்றும்போதே மெய்யாகத்தான் தோன்றுகிறது, மறுப்பு வரும்வரை அதை ஐயுறவேண்டியதில்லை என்னும் மீமாம்சகரின் சுவதப் பிராமாண்யக் கொள்கையை விட, செயலில் இறங்கிப் பலன் கண்டபின்பே அதன் மெய்ம்மை உறுதியாகும் என்னும் நையாயிகரின், அதாவது நியாய தரிசனத்தாரின், பரதப் பிராமாண்யமே இங்கே ஏற்றது. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற சிறு நிரல் ஏறத்தாழ இதைத்தான் செய்கிறது: ஒரு கணினியின் வட்டு எவற்றையெல்லாம் எழுதிவிட்டதாகச் சொன்னது என்பதை இரண்டாம் கணினி குறித்துக்கொள்ள, முதற்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி, மீண்டும் எழுப்பி, சொன்னவை இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

ஓர் அறிவைச் சோதிக்க இன்னொன்று, அதைச் சோதிக்க வேறொன்று என்று முடிவின்றி நீளுமே என்பது மீமாம்சகரின் பழைய தடை; அப்படியானால் இரண்டாம் கணினியின் குறிப்பை எதனால் நம்புவது என்று அவர்கள் இங்கேயும் கேட்கலாம். ஐயத்துக்குக் காரணம் உள்ள இடத்தில்தான் சோதனை தேவை என்பது நையாயிகரின் மறுமொழி. இரண்டாம் கணினியின் மின்கம்பியை எவரும் பிடுங்குவதில்லையாதலால், இந்தச் சோதனையைப் பொறுத்தவரை அந்த மறுமொழி போதும்.