சுற்றுலாவும் திசைவிரதமும்

விடுமுறை வந்துவிட்டால் "இவ்வாண்டு எங்கே செல்வது?" என்னும் வினா நம் இல்லங்களிலும் எழுகின்றது. முன்னாளில் மேல்சித்தாமூரும் திருமலையும் விடையாயின. இன்றோ வசதி பெற்ற குடும்பங்கள் சுவிட்சர்லாந்து வரை சென்று வருகின்றன. ஆல்ப்ஸ் மலையில் 3,454 மீட்டர் உயரத்தில், 1912-ஆம் ஆண்டு முதல் இயங்கும் இரயில் நிலையத்தில் நின்று பனிமலைகளைக் கண்டு மகிழ்கின்றனர்.

சென்ற கோடையில் கோவில்பட்டிக்கு வந்திருந்த என் பேரனைக் கழுகுமலைக்கு அழைத்தேன். "சுவிட்சர்லாந்து போய் வந்த நண்பனிடம் இதைப் பற்றி என்ன சொல்வேன், தாத்தா?" என்றான். அவ்வினா என்னைச் சிந்திக்க வைத்தது.

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் முதலாவது திசைவிரதம். இன்ன திசையில் இவ்வளவு தொலைவுக்கு அப்பால் செல்லேன் என வாழ்நாள் எல்லை வகுத்துக்கொள்வது அது. மேலே ஏறுவதில் எல்லை கடப்பதும் அதற்கு அதிசாரமே. சமந்தபத்ர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மற்றொன்றும் கூறுகிறார். பயனின்றித் திரிவதும், பிறரைத் திரியச் செய்வதும் அநர்த்த தண்டத்தின்பாற்படும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின் சுற்றுலா முழுவதும் குற்றமா?

அவர் விலக்குவது பயனற்ற திரிதலை என்பதை நோக்குக. முனிவர்களும் ஓரிடத்தில் தங்காது நடப்பவர்களே. ஆனால் அவர்கள் எதையும் சேர்ப்பதற்காக நடப்பதில்லை. திசைவிரதம் கிலோமீட்டரை அளந்தாலும், அது அடக்க முயல்வது ஆசையையே. எனவே கழுகுமலை அருகில் இருப்பதாலேயே அப்பயணம் அறமாகிவிடாது.

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தின் நடுவே அக்குன்று எழுகின்றது. பாண்டியர் காலத்தில், 8, 9-ஆம் நூற்றாண்டுகளில், தீர்த்தங்கரர் திருமேனிகளை அங்கே வரிசை வரிசையாகச் செதுக்குவித்தனர். வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. தச்சரும் குயவரும் அவர்களுள் உண்டு. சமயம் கற்பித்த பெண் ஆசிரியர்களான குரத்தியரும் உண்டு. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருச்சாரணத்து, அதாவது இன்றைய சிதறால் மலையின், குரத்தியர் பெயரும் காணப்படுகின்றது. பலர் தமக்காக அன்றி மறைந்த ஆசிரியர்க்காகவும் உறவினர்க்காகவும் திருமேனி செய்வித்தனர்.

இவற்றை விளக்கிக்கொண்டே சென்ற நான் செய்தது என்ன? பாகுபலி சுவாமிகளின் திருமேனியைக் கண்டதும் முதுகைத் திருப்பி நின்று, குடும்பத்தோடு புகைப்படம் எடுத்துக்கொண்டேன். பின்னரே வணங்கினேன். அதற்குள் பேரன் அருகே சென்று உற்று நோக்கி, "காலில் கொடி சுற்றியிருக்கிறதே! அது வளரும் வரை அசையாமலா நின்றார்?" என்றான்.

நான் வெட்கினேன். நாங்கள் வண்டியேறிக் காண வந்தது, இடம் பெயராது நின்ற ஒருவரை! உலகை வென்றும் துறந்து நின்றவருக்கு முன், "நானும் இங்கு வந்தேன்" என்பதற்குச் சான்று தேடியிருக்கிறேன். பாறைகளில் தம் பெயரைக் கீறிச் செல்வோரைக் கடிந்துகொள்ளும் எனக்கும் அவர்களுக்கும் இடையே உள்ள தொலைவு நான் எண்ணியதைவிடக் குறைவே. கல்வெட்டில் உள்ள பெயர் ஒரு கொடையைச் சொல்கின்றது. கீறப்பட்ட பெயரோ தன்னை மட்டுமே சொல்கின்றது.

ஆகவே, சுற்றுலா செல்வோர் புறப்படுமுன் நாளுக்கும் செலவுக்கும் எல்லை வகுத்துக்கொள்வோம். உணவு நியமத்தையும் உயிர்களிடத்துக் கருணையையும் வழியில் விட்டுவிடாதிருப்போம். திரும்பியபின், "எவ்வளவு கண்டேன்?" என்று கேளாமல், "என்னுள் எது குறைந்தது?" என்று கேட்போம். அகந்தையோ ஆசையோ சிறிதளவு குறைந்திருப்பின், ஆல்ப்ஸ் பயணமும் பயனுடையதே. கூடியிருப்பின், அருகர் மலைக்குச் சென்று வந்ததும் வீண் திரிதலே.

நண்பனிடம் என்ன சொல்வது என்று பேரன் பின்னர் என்னைக் கேட்கவில்லை. கொடி சுற்றிய கால்களை அவன் தன் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தான்.

அறம் வளர்க!