எஞ்சிய நொடிகள்

பிரிட்டனின் பிபிசி 1963 முதல் ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியல் புனைவுத் தொடரின் தொடக்ககாலப் பகுதிகள் பல, விலை மிகுந்த ஒளிநாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்துவதே சிக்கனம் எனக் கருதப்பட்ட காலத்தில் இல்லாமற்போயின. 1966 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான ‘தி டென்த் பிளானட்’ கதையின் நான்காம் பகுதியும் அவற்றுள் ஒன்று. நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் தளர்ந்து தரையில் சாய, அவர் முகம் பேரொளியில் கரைந்து அடுத்த நாயகரான பேட்ரிக் ட்ரௌட்டனின் முகமாக உருமாறும் அதன் இறுதிக் காட்சியே, நடிகர் மாறினாலும் தொடர் நிலைபெறும் மரபைத் தொடங்கி வைத்தது. அக்காட்சி, 1973இல் ‘புளூ பீட்டர்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்தாளப்பட்டதால் தப்பியது. ஏனைய காட்சிகளை, ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்த ஒலியையும், ‘டெலிஸ்னாப்’ எனப்படும், ஒளிபரப்பின்போது திரையிலிருந்தே எடுக்கப்பட்ட நிழற்படங்களையும் துணைகொண்டு, 2013இல் அசைவூட்டப் படமாக மீட்டுருவாக்கினர்.

இன்று அதை மீண்டும் காண்பவர், வரைந்த உருவங்களினூடே உண்மையான குரல்களைக் கேட்டு, இல்லாத அசைவுகளைத் தம் மனத்தால் நிரப்பிக்கொள்கிறார். நிறுவனம் பயனற்றதெனக் கைவிட்டதை எளிய ரசிகரின் அன்பு காத்துத் தந்தது என்பதால், எது காலத்தை வெல்லும் என்பதை அதை உருவாக்கியவரோ உடையவரோ முடிவுசெய்வதில்லை. அதைப் போற்றுபவரே முடிவுசெய்கிறார்.