பொருள்களுக்குக் காது கொடுக்கலாமா?

பொறியியலோ கணினியியலோ படித்து முடித்த பிள்ளை ஒன்று உங்கள் அயலில் இருப்பின், மேற்கொண்டு என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டுப் பாருங்கள். "பொருள்களின் இணையத்தில் முதுமாணிப் பட்டம்" என்று விடை வந்தால் திகைக்க வேண்டாம். பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் இன்று பல பல்கலைக்கழகங்கள் இதைத் தனித் துறையாகவே கற்பிக்கின்றன. காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அங்கே என்னதான் கற்கிறான் என்று அறிந்திருப்பது நல்லது.

விடயம் விளங்கக் கடினமானதன்று. கதவு, கட்டில், நீர்ப்பம்பி, குளிர்சாதனப் பெட்டி முதலியவை தமக்கு நேர்வதை உணர்ந்து, மனிதர் இடையிடாமலே இணையத்தின் வழியே செய்தி அனுப்புவதுதான் அது. இத்துறையின் பிறப்பில் சோம்பலுக்கும் பங்குண்டு! அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 1980களின் தொடக்கத்தில் கொக்கா கோலா விற்கும் இயந்திரம் ஒன்றைக் கணினியோடு இணைத்தனர். போத்தல் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று நடந்துபோய்ப் பார்க்க அவர்களுக்கு அலுப்பு. கேம்பிரிட்ஜில் 1991இல் கோப்பிப் பாத்திரத்தின் முன்னே கமராவை நிறுத்தியதும் அதே காரணத்திற்காகத்தான். 1999இல் கெவின் அஷ்டன் என்பவர் இதற்கு இன்றுள்ள பெயரைச் சூட்டினார். தடுப்பூசி மருந்து வைத்திருக்கும் பெட்டியின் சூடு ஏறினால் உடனே அறிவிக்கவும், ஆற்றில் வெள்ளம் உயர்வதை முன்கூட்டிச் சொல்லவும் இக்கருவிகள் உதவுகின்றன. அந்த நன்மையை யாரும் மறுக்கார்.

ஆயின் வீட்டுக்குள் வரும்போது நிலைமை வேறு.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. தாயும் தகப்பனும் இலண்டனில். எண்பதைக் கடந்த அம்மம்மா இளவாலையில் தனியே. பேரன் இத்துறையில் முதுமாணிப் படிப்பை மேற்கொண்டான். தனித்து வாழும் முதியோர் வழமைக்கு மாறாக அசைவற்றிருந்தால் பிள்ளைகளுக்கு அறிவிக்கும் ஓர் ஏற்பாட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டான். கோடை விடுமுறையில் வந்து அம்மம்மாவின் வீட்டிலேயே அதைப் பொருத்தினான். சுவரிலே உடற்சூட்டின் அசைவை அறியும் சிறு உணரிகள், பின்கதவிலே காந்தம், மெத்தைக்கடியில் பாரத்தை உணரும் தகடு. கமரா வைக்கவில்லை. "அம்மம்மாவின்ரை மானத்தை மதிச்சுத்தான் கமரா வேண்டாமெண்டு விட்டனான்" என்று என்னிடம் சொன்னான். நல்ல பிள்ளை, அவன் சொன்னது உண்மைதான்.

இரண்டு கிழமை கழித்துத் தன் கணினியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். அம்மம்மா இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், கழிப்பறையில் எவ்வளவு நேரம் செல்கிறது, பின்கதவு எப்போது திறக்கிறது, எல்லாம் அதில் இருந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு வீட்டினுள் நடந்து நடந்து செபமாலை சொல்வது அவருடைய வழக்கம். அதையும் கருவி "வழமைக்கு மாறான அசைவு" என்று குறித்திருந்தது. படம் பிடிக்காமலே ஒரு மனுஷியின் அந்தரங்கம் முழுவதையும் எழுதிவிடலாம் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

இச்செய்திகள் இலண்டனில் மகளின் கைத்தொலைபேசிக்கும் போயின. "ஏனம்மா நேற்று இரவு ரெண்டு மணிக்கு எழும்பித் திரிஞ்சனீங்கள்?" என்று அவர் பதறி அழைத்தார். அதன் பின் நடந்ததைக் கிழவியே எனக்குச் சொன்னார்: "பிள்ளை பயப்பிடுமெண்டு இப்ப நான் எழும்புறேல்லை. நித்திரை வராட்டிலும் விடியுமட்டும் கட்டிலிலையே குந்திக்கொண்டிருக்கிறன்." கட்டிலில் பாரம் இருந்தபடியால், நிம்மதியான நித்திரை என்று மகளின் தொலைபேசி காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் அம்மம்மாவின் சம்மதம் பெறப்பட்டிருந்தது. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் எழுத்து மூலமான சம்மதம் கேட்கும். அது போற்றத்தக்க ஒழுங்கு. ஆங்கிலத்திலிருந்த படிவத்தில் அவர் கையொப்பம் இட்டிருந்தார். என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். "பேரன் கேட்டவன், போட்டனான்" என்றார். அன்பினால் மறுக்க முடியாத ஒருவரிடம், விளங்காத ஒன்றுக்குப் பெறும் கையொப்பம் சம்மதம் ஆகுமா? சட்டத்துக்கு ஆகலாம். மனச்சான்றுக்கு ஆகாது என்பதே என் எண்ணம்.

குடும்பத்துக்குள் நடப்பதுதானே, என்ன கெடுதி வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டை விட்டு வெளியேறிய செய்தி எங்கே போய் நிற்கும் என்பது வீட்டாருக்குத் தெரியாது. 2016இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவனும் இரு நண்பர்களும் "மிராய்" என்ற நிரலை எழுதினார்கள். அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையிலேயே இடப்பட்டு எவரும் மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களில் ஏறத்தாழ அறுபதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. இலட்சக்கணக்கான வீட்டுக் கமராக்களும் இணையப் பெட்டிகளும் அதற்குக் கதவைத் திறந்துவிட்டன. அவர்கள் அந்த நிரலை வெளியிட்டதும் வேறு சிலர் அதைக் கையிலெடுக்க, ஒக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பல மணிக்கணக்காக முடங்கின. 2017இல் மூவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பின்னர் தண்டனை பெற்றனர். அது நியாயமே. ஆயின் ஆயிரமாயிரம் கமராக்களுக்கு ஒரே கடவுச்சொல்லை இட்டு விற்பனைக்கு அனுப்பியவர்களும் படித்த பொறியியலாளர்கள்தானே? வாங்கியவருக்குத் தெரியாது, செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறியாமல் செய்பவனிலும் அறிந்து செய்பவனுக்குப் பொறுப்பு அதிகம் என்று சிறுவயதிலேயே நாம் கற்றதை, பட்டம் கூடக்கூட மறந்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது.

சட்டமும் மெல்ல அசைகிறது. இத்தகைய பொதுக் கடவுச்சொற்களைப் பிரித்தானியா 2024 ஏப்ரலிலிருந்து தடை செய்துள்ளது. எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வீட்டுத் தேவைக்காக ஒருவர் தம் குடும்பத்துள் செய்வதில் அது தலையிடாது. மகளுக்கும் தாய்க்கும் இடையிலுள்ள கட்டில் தகட்டைப் பற்றி எந்தச் சட்டமும் பேசாது.

பேரனிடம் கிழவியின் நித்திரைக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். மறுநாள் அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வந்து, விறாந்தையில் அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து வாசித்தான். அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். "நான் ஆரோடை என்ன கதைக்கிறன் எண்டதையும் இது சொல்லுமோ?" இல்லை என்றான். "நான் வேண்டாமெண்டால் நீ பாஸ் பண்ண மாட்டியோ ராசா?" அதற்கும் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. "அப்ப குசினியிலையும் விறாந்தையிலையும் இருக்கட்டும். அறைக்கையும் கக்கூசடியிலையும் வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அவன் அவற்றைக் கழற்றினான். ஆய்வுக்கான தரவு பாதியாகக் குறைந்தது. குறைந்ததன் காரணத்தையும் ஆய்வேட்டில் எழுதினான். தாய்க்குத்தான் மகன்மேல் கோபம். "இரவிலை அறைக்கை விழுந்து கிடந்தால் ஆர் பாக்கிறது?" என்று கேட்கிறார். அக்கேள்வியை அற்பமென்று தள்ள எனக்கு மனமில்லை. கடல் கடந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகளை நித்திரையின்றி வைத்திருக்கும் கேள்வி அது. ஆனாலும் தன் வீட்டில், தன் அறையில், எதை மறைத்து வைப்பது என்பதை அந்த அம்மாவே தீர்மானிக்கட்டும் என்றுதான் நான் சொல்வேன். விழுந்தால் வரும் ஆபத்தையும் அறிந்துகொண்டே அவர் தீர்மானித்தார்.

பேரன் திரும்பிப் போகுமுன் கழுத்தில் மாட்டும் சிறு பொத்தான் ஒன்றைச் செய்து கொடுத்தான். அழுத்தினால் மட்டும் அது இலண்டனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அறிவிக்கும். மற்ற நேரமெல்லாம் எதுவும் சொல்லாது. அதை அம்மம்மா கழுத்தில் போட்டிருக்கிறாரா, ஆணியில் கொளுவி வைத்திருக்கிறாரா என்பதை மகள் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் கேட்டுத்தான் அறிகிறார்.